அங்குலம் மூவாயிரம் ரூபாய்

தி.நகரில் மனை விலை பேசுகிறவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்பார்கள். விமானத்தில் அந்தத் தாராளமெல்லாம் கிடையாது, அங்குலக் கணக்குதான். நம் இருக்கையில் ஒரு புள்ளி, முன் இருக்கையில் அதே புள்ளி, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு ‘பிட்ச்’ என்று பெயர். மலிவு விலை விமானங்களில் இது பெரும்பாலும் 28-லிருந்து 30 அங்குலம் வரை. சாப்பாடு, சினிமா, போர்வை எல்லாம் கொடுக்கிற பெரிய நிறுவனங்களில் 31 அல்லது 32. நாங்கள் சிங்கப்பூருக்குப் பார்த்த இரண்டு டிக்கெட்டுக்கும் நடுவில் 3 அங்குலம் வித்தியாசம், ஒரு வழிக்குத் தலைக்கு 9,000 ரூபாய் வித்தியாசம். வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் முழுக்கக் குப்பை கொட்டியவன் என்பதால் கை தானாக வகுத்துப் பார்த்தது. அங்குலம் மூவாயிரம் ரூபாய். பட்டா கிடையாது. நான்கு மணி நேரத்தில் காலி செய்துவிட வேண்டும்.

“நாலு மணி நேரத்துக்கு எதுக்குங்க இந்தக் கொள்ளை? திருநெல்வேலிக்கு பஸ்ல ராத்திரி பூரா உட்கார்ந்துட்டுப் போறீங்க. அப்ப வலிக்காத முட்டியா இப்ப வலிக்கப் போவுது?” என்றாள் என் மனைவி. அப்போதும் வலித்தது, அப்போதே சொல்லியிருந்தால் இப்போது உதவியிருக்கும்.

எதிர்க்கட்சியில் இருந்தவர் அவளுடைய அண்ணன். மகன் செலவில் லண்டன் போய்வந்தவர். “மாப்ளே, நான் சொல்றதைக் கேளுங்க. போனா நல்ல ஏர்லைன்ஸ்ல போகணும். ஏறி உட்கார்ந்ததும் இடுக்கியில புடிச்சு ஒரு சூடான துண்டு குடுப்பான் பாருங்க... அது போதும்!” லண்டனில் என்ன பார்த்தார் என்று மச்சான் இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. கல்யாணம், காதுகுத்து எங்கே பார்த்தாலும் துண்டைப் பற்றித்தான் பேச்சு.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. போகும்போது அவள் சொன்ன மலிவு விமானம், திரும்பும்போது நான் சொன்ன பெரிய விமானம். இரண்டு நிறுவனங்களின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றைப் புகழ்ந்தால் மச்சான் போன் செய்வார். இன்னொன்றைப் புகழ்ந்தால் போன்கூடத் தேவையில்லை, சமையலறையிலிருந்தே பதில் வரும்.

நாங்கள் இருப்பது குரோம்பேட்டை. மொட்டை மாடியில் வடகம் காயவைத்தால் விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து மேற்பார்வை பார்த்துவிட்டுப் போகும். ஆட்டோவில் ஏறினால் மீனம்பாக்கம் கால் மணி நேரம். ஆனாலும் மூன்று மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்கிறார்கள். சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். பறக்க நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். குரோம்பேட்டையிலிருந்து விமானத்தின் வாசற்படிக்குப் போய்ச் சேர எங்களுக்கு ஆன நேரமும் ஏறக்குறைய அவ்வளவேதான்.

மலிவு விமானத்தில் உண்மையான விமானி தராசு. கைப்பை 7 கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம் போனாலும் அவர்கள் முகத்தில் மலர்ச்சி வந்துவிடும். எங்கள் பையைத் தூக்கி வைத்ததும் 8.4 என்றது. மனைவி அசரவில்லை. பையை அங்கேயே திறந்தாள். பருப்புப் பொடி என் இடது பாக்கெட்டுக்கும், எள்ளுப் பொடி வலது பாக்கெட்டுக்கும் இடம் பெயர்ந்தன. சார்ஜர், டார்ச் லைட், என் மூக்குக்கண்ணாடிக் கூடு மூன்றும் சட்டைக்குள். இப்போது தராசு 6.9 என்றது. எடை பார்த்த பெண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், விமானம் சுமக்கப் போகும் மொத்த எடை மாறவில்லை என்று. ஆனால் விதி பையை மட்டும்தான் எடை போடச் சொல்கிறது. மனிதன் எவ்வளவு கனமாக வேண்டுமானாலும் ஏறலாம்.

உள்ளே இருக்கை ஒல்லியாக இருந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிட்ச் கணக்கில் முன் இருக்கையின் முதுகுக் கனமும் சேர்த்தி. முதுகை மெலிய வைத்தால், அதே 28 அங்குலத்திலும் முட்டிக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும். பஞ்சை உருவி இடமாக்கித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டி பிழைத்தது, செலவை இடுப்பின் கணக்கில் எழுதிவிட்டார்கள். சாய்வதற்குப் பொத்தானைத் தேடினேன். பொத்தானே இல்லை. “இது சாயாது சார்” என்றார் பணிப்பெண், ஏதோ சீட்டுக்கு உடம்பு சரியில்லாததுபோல.

முதலில் கோபம் வந்தது. பத்து நிமிடம் யோசித்ததும் போய்விட்டது. என் இருக்கை சாயாது என்றால் எனக்கு முன்னால் இருப்பவர் இருக்கையும் சாயாது. உலக சமாதானத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து டென்வருக்குப் போன ஒரு விமானத்தைப் பாதி வழியில் சிகாகோவில் இறக்கினார்கள். எஞ்சினில் கோளாறு இல்லை. ஒரு பயணி, முன் இருக்கை சாயாமல் தடுக்கும் ‘நீ டிஃபெண்டர்’ என்ற சின்ன பிளாஸ்டிக் கருவியை மாட்டிவிட்டார். முன்னால் இருந்த பெண்மணி எழுந்து திரும்பி அவர் மீது தண்ணீரை ஊற்றிவிட்டார். இருவரையும் இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்பியது. சாயாத இருக்கை என்றால் இந்தச் செலவெல்லாம் மிச்சம்.

அந்த வரிசையில் இன்னொரு மகா யோசனையும் உண்டு. 2010-ல் ஏவியோஇன்டீரியர்ஸ் என்ற இத்தாலிய நிறுவனம் ‘ஸ்கைரைடர்’ என்று ஓர் இருக்கையைக் கண்காட்சியில் வைத்தது. சைக்கிள் சீட்டுபோல ஒன்றில் பாதி உட்கார்ந்து, பாதி நின்று பயணம் செய்ய வேண்டும். பிட்ச் 23 அங்குலம். உலகமே கைகொட்டிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தாம்பரத்திலிருந்து பிராட்வேக்கு 21ஜி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் யாருமே சிரித்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு 23 அங்குலம் ஆடம்பரம்.

மனைவியின் அதிர்ஷ்டம், எங்கள் வரிசையில் நடு இருக்கை காலி. அவள் ஜன்னல், நான் நடைபாதை ஓரம், நடுவில் பருப்புப் பொடி. இதற்கு நிறுவனம் பொறுப்பில்லை. யாரோ ஒருவர் டிக்கெட் வாங்காமல் விட்டது. ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள். “பாத்தீங்களா? பணம் குடுத்தா மூணு அங்குலம். குடுக்காததுக்கு ஒரு சீட்டே கிடைச்சிருக்கு.”

தண்ணீருக்கு விலை, கப் நூடுல்ஸுக்கு விலை. வெளிச் சாப்பாடு கூடாது என்று அறிவிப்பு வேறு. அறிவிப்பு முடிந்த கையோடு மனைவி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். பெருங்காய வாசனை அவசரக் கதவு வரை போய்த் திரும்பியது. பணிப்பெண் வந்து நின்றார். “சாருக்கு சுகர்மா. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா மயக்கம் வந்துரும்” என்றாள் மனைவி. எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் மயக்கம் வருகிறவன்போல முகத்தை வைத்துக்கொள்ள வங்கியில் ஆடிட் காலத்தில் பழகியிருக்கிறேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

புளியோதரை அமிர்தமாக இருந்தது. இது பாசத்தில் சொல்வதில்லை, விஞ்ஞானம். 2010-ல் லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையம் ஒரு சோதனை செய்தது. பழைய விமானத்தின் உடற்பகுதியைத் தரையில் நிறுத்தி, உள்ளே காற்றழுத்தத்தையும் ஈரத்தையும் வானத்தில் இருப்பதுபோலக் குறைத்து, ஆட்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். உப்பும் இனிப்பும் நாக்கில் 15-லிருந்து 30 சதவீதம் வரை குறைவாகத் தெரிந்தன. புளிப்பும் காரமும் அப்படிப் பெரிதாகக் குறைவதில்லை. தரையில் தொடாத தக்காளி ஜூஸைப் பயணிகள் மேலே போனதும் ஏன் ஆசையாகக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள் என்று லுஃப்தான்சா குழம்பியதற்கும் விடை கிடைத்தது. தக்காளியில் புளியும் மிளகும் சேர்த்துக் கொதிக்க வைத்திருந்தால் அவர்கள் ரசத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். வழக்கமான விமானங்களில் அது 8,000 அடி உயரத்து அழுத்தம் வரை இறங்கலாம். அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. போயிங் 787, ஏர்பஸ் 350 போன்ற புது ரகங்களில் 6,000 அடிக்குப் பக்கம், அதாவது குன்னூர். சிங்கப்பூர் போகிற வழியில் நாம் இந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் நான்கு மணி நேரம் தங்குகிறோம், குளிரும் இலவசம். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். சிப்ஸ் பாக்கெட் உப்புவது இதனால்தான். வயிற்றிலும் காற்று இருக்கிறது என்பதை மறந்து, புறப்படுமுன் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்ட ஒருவர் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார் என்பது என் ஊகம். ஆதாரம் காற்றோடு போயிற்று.

சாங்கியில் இறங்கியதும் எங்கள் ஒப்பீடு தடம் புரண்டது. 1981-ல் திறந்த விமான நிலையம் அது. அங்கே பல இடங்களில் வந்திறங்குபவரும் புறப்படுபவரும் ஒரே கூடத்தில்தான் நடமாடுவார்கள். அதனால் புறப்படுபவருக்கு வைத்த சௌகரியமெல்லாம் இறங்கியவருக்கும் கிடைக்கும். பட்டாம்பூச்சித் தோட்டம், சாய்ந்து தூங்க நாற்காலி, முக்கியமாகக் காலைப் பிடித்துவிடும் இயந்திரம். காசில்லை. மனைவி காலை நுழைத்தாள். நானும் நுழைத்தேன். 9,000 ரூபாய் கொடுத்தும் கிடைக்காத சுகம், விமானத்தைவிட்டு இறங்கியவுடன் இலவசமாகக் கிடைத்தது. இமிக்ரேஷனுக்குப் போகலாமா என்று கேட்டேன். “ஊரு எங்கயும் ஓடிடாது” என்றாள். சிங்கப்பூரைப் பார்க்கப் போனவர்களில் முழங்காலுக்குக் கீழே மட்டும் முதலில் வந்து சேர்ந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஊரைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மெர்லயன் சிலையின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மெரினா பே சாண்ட்ஸின் மூன்று கோபுரங்களின் தலையில் ஒரு கப்பல் வடிவ மொட்டை மாடி இருந்தது. வடகம் யாரும் காயவைக்கவில்லை. 1992-லிருந்து சூயிங்கம் விற்பனைக்குத் தடை என்பதால் உட்காரும் இடத்தையெல்லாம் தடவிப் பார்க்காமல் உட்கார்ந்தோம். சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸில் தோசை சாப்பிட்டு, முஸ்தபா கடைக்குள் நுழைந்து, எந்த வாசல் வழியாக நுழைந்தோம் என்று தெரியாமல் வேறொரு வாசல் வழியாக வெளியே வந்தோம். இடையில் எப்படியோ ஒரு டஜன் கோடாலித் தைலம் கைக்கு வந்திருந்தது. 1928-லிருந்து சிங்கப்பூரில் தயாராகிறது. சிங்கப்பூர் போய்விட்டு அது இல்லாமல் திரும்பியவனைத் தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

இனி என் முறை. பெரிய விமானம். நடைபாதையே இரண்டு. ஏறி உட்கார்ந்ததும், மச்சான் சொன்னது சொன்னபடி, இடுக்கியில் பிடித்த துண்டு வந்தது. முகத்தைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒன்றரை நிமிடத்தில் ஆறிப்போனது. ஈரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று விழிக்கும் கட்டத்தைப் பற்றி மச்சான் சொன்னதே இல்லை.

கால் நீட்ட இடமிருந்தது. முட்டி எதிலும் இடிக்கவில்லை. திரையில் தமிழ்ப் படமே இருந்தது. “எப்படி?” என்று மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் வாழ்வின் மிக நல்ல இருபது நிமிடங்களில் அவை சேரும். இருபத்தோராவது நிமிடம், சீட் பெல்ட் விளக்கு அணைந்தது. முன்னால் இருந்தவர் பொத்தானை அழுத்தினார். நான் வாங்கிய 3 அங்குலமும் இன்னும் கொஞ்சமும் என் மடி மீது சாய்ந்து வந்து படுத்துக்கொண்டது. திரை என் மூக்கருகே வந்ததில் கதாநாயகியின் புருவம் மட்டும் தெரிந்தது.

இந்தப் பக்கம் நடைபாதை ஓரத்தில் ஒருவர். நல்ல மனிதர்தான். தோள் அகலம். தூங்கிவிட்டார். தூக்கத்தில் அவருடைய முழங்கை கைப்பிடியைத் தாண்டி வந்து என் விலாவில் குடியேறியது. இருக்கை எண்ணுக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டாம் என்று சொன்னவர் மச்சான்: “பெரிய ஏர்லைன்ஸ்ல அதெல்லாம் அவனே பாத்து நல்ல சீட்டா குடுப்பான் மாப்ளே.” பார்த்துத்தான் கொடுத்தார்கள். நடு சீட்டு.

விமானம் பெரிது என்றால் இருக்கையும் பெரிது என்று எண்ணிவிடாதீர்கள். ஏர்பஸ் 320-ல் வரிசைக்கு 6 பேர். இருக்கையின் அகலம் சுமார் 18 அங்குலம். போயிங் 787 அதைவிட எவ்வளவோ பெரிய விமானம். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் வரிசைக்கு 9 பேரை உட்கார வைப்பதால் அகலம் சுமார் 17-தான். நான் போனது முதல் ரகம், திரும்பியது இரண்டாவது ரகம். விலா வலியோடு கணக்கைத் திருத்தி எழுதினேன். நீளத்தில் 3 அங்குலம் வரவு, அகலத்தில் 1 அங்குலம் பற்று. முன்னால் இருந்தவர் சாய்ந்த வகையில் வரவு முழுவதும் வாராக்கடன்.

சைவச் சாப்பாடு என்று முன்பே சொல்லி வைத்திருந்தோம். அப்படிச் சொன்னவர்களுக்கு எல்லோருக்கும் முன்னால் தட்டு வந்துவிடும். பந்தியில் தனியாக உட்கார வைத்துப் பரிமாறியதுபோல எங்கள் இருவருக்கு மட்டும் வந்தது. சுற்றி இருந்தவர்கள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டு முடித்தோம். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாற ஆரம்பித்தார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்து, தட்டு சேகரிக்கும் வண்டி வரும்வரை காலித் தட்டைக் காவல் காக்க வேண்டும். தட்டு மேஜையில், மேஜை மடியில், முன்னால் சாய்ந்த இருக்கை, பக்கத்தில் முழங்கை. அந்த நேரம் பார்த்து எனக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது.

“பனீர்ல உப்பே இல்ல” என்றாள் மனைவி. ஜெர்மன் ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னேன். ஈரமில்லாத காற்றில் மூக்கு காய்ந்துவிடும், வாசனை தெரியாவிட்டால் ருசி தெரியாது என்று விளக்கினேன். “ஜலதோஷம் புடிச்சா சாப்பாடு ருசிக்காதுன்னு நான் முப்பது வருஷமா சொல்றேன். ஜெர்மன்காரன் சொன்னாத்தான் உங்களுக்கு ஏறும்” என்றாள். பிறகு கைப்பையிலிருந்து மாவடு ஊறுகாய் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. இதற்குப் பயண ஏற்பாட்டில் என் அனுமதி பெறப்படவில்லை. பெறவும் தேவையில்லை.

இரண்டு மணி நேரம் போனபோது முட்டி பேச ஆரம்பித்தது. எழுந்து நடக்கலாம் என்றால் பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டும். 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இருமடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. இருமடங்கு என்றாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் நடு சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஒருவர் நாமாகத்தான் தெரிவோம். வேறு வழியில்லாமல் கோடாலித் தைலத்தைத் திறந்தேன். ஒரு சொட்டு இடது முட்டி, ஒரு சொட்டு வலது முட்டி. கை நடுங்கியதில் மூன்றாவது சொட்டாகக் கால் பாட்டில்.

அடுத்த நிமிடம் நடந்ததை எந்த விமான நிறுவனமும் தன் விளம்பரத்தில் போட முடியாது. தூங்கிக்கொண்டிருந்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விழித்தார். முழங்கை என் விலாவைக் காலி செய்துவிட்டு அவர் மூக்குக்குப் போனது. முன்னால் சாய்ந்திருந்தவர் தும்மினார். தும்மிய வேகத்தில் இருக்கை நிமிர்ந்தது. நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே நின்றது. நடைபாதை ஓரத்து மனிதர், ஏதோ மரியாதை தெரிவிப்பவர்போல எழுந்து, பின்னால் காலியாக இருந்த ஒரு இடத்துக்குப் போய்விட்டார். நான் அவர் இடத்துக்கு நகர்ந்து காலை நீட்டினேன். பணிப்பெண் வந்து, “தலைவலியா சார்?” என்றார் அக்கறையாக. “இல்லம்மா, இப்பத்தான் சரியாச்சு” என்றேன். மனைவி முதல்முறையாக என்னை மதிப்போடு பார்த்தாள்.

சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதும் பாதி விமானம் எழுந்து நின்றது. அதில் மலிவு, பெரிது என்ற வித்தியாசம் இல்லை, பூரண சமத்துவம். பெல்ட் போட்டு உட்காருங்கள் என்று ஒலிபெருக்கி கெஞ்சியது. மேலிருந்து பெட்டிகளை இறக்கித் தலையில் தாங்கியபடி எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்குள் நுழையும்போதே மச்சானின் போன். சிங்கப்பூர் எப்படி என்று கேட்கவில்லை. “துண்டு குடுத்தானா மாப்ளே?”

இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 4, 5 மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர் என்றால் மலிவு விமானமே போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து நடைபாதை ஓர இருக்கையை உறுதி செய்துகொள்ளுங்கள். லண்டன், நியூயார்க் என்று இரவு முழுக்கப் பறப்பதானால் மச்சான் சொல்வதுதான் சரி, வீண் சிக்கனம் வேண்டாம். எதில் போனாலும் டிக்கெட் வாங்குமுன் விமானத்தின் ரகத்தைக் கேட்டு அகலத்தையும் பாருங்கள். கோடாலித் தைலத்தைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். கைப்பையில் கொண்டுபோகும் திரவம் பாட்டிலுக்கு 100 மில்லியைத் தாண்டக் கூடாது என்பதுதான் பல விமான நிலையங்களில் விதி; சின்ன பாட்டிலை யாரும் தடுக்க மாட்டார்கள்.